பிஸ்டன்கிளவுசே, நூர்பர்க்: சூடான கல், இத்தாலியச் சமையல், பந்தய ஓட்டுநர் சபீனே வளர்ந்த வீடு

ஜெர்மனியின் நூர்பர்க்கில் இருக்கும் பிஸ்டன்கிளவுசே உணவகத்துக்கு மேசை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஃபெல் மலைப் பக்கம் மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மழையில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து, பசியோடு படியிறங்கிப் போய், எல்லா மேசையும் நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது கொடுமை. சின்ன ஊர் என்று நினைத்து ஏமாறவேண்டாம். கார்ப் பந்தயப் பருவத்தில் இந்தச் சின்ன ஊருக்குப் பாதி ஐரோப்பாவும் வந்து நிற்கும்.

நான் இருப்பது கோப்லென்ஸில். பிரேக் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. பிறந்து வளர்ந்தது ஓசூர். கோப்லென்ஸிலிருந்து நூர்பர்க் அறுபது கிலோமீட்டர் வரும். வேலை விஷயமாகவும் போவேன், வேலை இல்லாதபோதும் போவேன். வீட்டுக்காரருக்கு வேகம் ஆகாது. வளைவுச் சாலையில் முன்சீட்டில் உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடும். அவர் என்னோடு அங்கே வருவதற்கு ஒரே காரணம் இந்த உணவகம்தான். அதனால் இதைப் பந்தயப் பைத்தியம் ஒருத்தியின் புகழ்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருடைய வாக்கும் இதில் சேர்த்திதான்.

இடம் எங்கே என்றால், நூர்பர்க் ஊருக்குள் ஓட்டல் ஆம் டியர்கார்டன் என்று ஒரு தங்கும் விடுதி. அதன் கீழ்த்தளத்தில் இருக்கிறது பிஸ்டன்கிளவுசே. மேலே குன்றின்மீது பழைய கோட்டை இடிபாடு. ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போவதுதான் நூர்பர்க்ரிங் பந்தயத் திடலின் நோர்ட்ஷ்லைஃபெ. 1927-ல் திறந்த பந்தயப் பாதை, நீளம் 20.8 கிலோமீட்டர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 300 மீட்டர். பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்குப் 'பச்சை நரகம்' என்று பேர் வைத்தார். இன்னொரு பந்தய வீரர் நிக்கி லவுடா 1976-ல் விபத்தாகித் தீயில் சிக்கியதும் அங்கேதான், பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால். அதே பாதையில் இன்றைக்கு நீங்களும் நானும் காசு கட்டி நம் சொந்த வண்டியை ஓட்டலாம். அப்படிப் பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் சட்டப்படி அது ஒருவழிச் சுங்கச்சாலை!

சரி, சாப்பாடு.

இந்த இடத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கல்லில் வேகும் ஸ்டேக். தடித்த கற்பலகை ஒன்றை நன்றாகச் சூடேற்றி, மரத்தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்துவிடுவார்கள். இறைச்சி அதன்மேல் ஏறக்குறைய பச்சையாகவே இருக்கும். வேகவைப்பது உங்கள் வேலை. முதல்முறை வருபவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வதைப் பார்க்கிறேன்: பசியில் மொத்தத்தையும் துண்டுபோட்டுக் கல் முழுவதும் பரப்பிவிடுகிறார்கள். கல் நம் பிரேக் டிஸ்க் மாதிரிதான், அதற்குள் சேர்ந்திருக்கும் சூடு அவ்வளவுதான், மேலே வைப்பதெல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தமாக வைத்தால் பத்து நிமிடத்தில் கல் ஆறிவிடும், இறைச்சி வறுபடாமல் தண்ணீர் விட்டு வெந்துபோகும். பெரிய துண்டைக் கல்லின் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள், அல்லது பக்கத்துத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். விரல் அகலத்துக்கு மெல்லியதாக ஒன்று நறுக்கி, கல்லின் நடுவில் வைத்து, முள்கரண்டியால் லேசாக அழுத்துங்கள். சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள் திருப்பிப் போட்டு எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கம் பழுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு. அதை வாயில் போட்டுக்கொண்டே அடுத்ததை நறுக்குங்கள். இப்படி நிதானமாகச் சாப்பிட்டால் கடைசித் துண்டுவரை கல் தாங்கும். அவசரக்காரர்களுக்கான சாப்பாடு இது இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை, ஏனென்றால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அரை வினாடிக்காக உயிரை விடுகிறவர்கள்.

சட்டையில் கொழுப்பு தெறிக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு இத்தாலியச் சமையல் இருக்கிறது. வீட்டுக்காரரின் ஓட்டு பீட்சாவுக்கு. அடிப்பாகம் மெல்லியது, ஓரம் மொறுமொறுப்பு, சீஸைக் கொட்டி மூழ்கடிக்காத வகை. எனக்குப் பூண்டும் எண்ணெயும் உலர்ந்த மிளகாயும் போட்ட ஸ்பகெட்டி இருந்தால் போதும். காரம் கொஞ்சம் கூட வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் போட்டுத் தருகிறார்கள். நம் ஊர்க் காரத்தை எதிர்பார்த்துவிடாதீர்கள், ஆனால் மூக்கு லேசாகக் கசியும். விலை மலிவு இல்லை. பீட்சாவும் பாஸ்தாவும் ஜெர்மனியில் எந்த நல்ல இத்தாலிய உணவகத்திலும் கொடுப்பதுதான். ஸ்டேக் அதைவிட நன்றாகவே மேலே போகும்.

இனி சுவர். உள்ளே நுழைந்ததும் கண் மேசைக்குப் போகாது, சுவருக்குத்தான் போகும். கையெழுத்திட்ட படங்கள், பழைய பந்தயச் சுவரொட்டிகள், வண்டிப் படங்கள் என்று இடைவெளியே இல்லாமல் மாட்டியிருக்கும். கழிவறைக்குப் போய்வர ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், வழியில் நின்று படித்துக்கொண்டே இருப்போம். மேசைகளைப் பார்த்தால் அது இன்னொரு வேடிக்கை. கார் நிறுவனங்கள் வார நாள்களில் இந்தப் பாதையை வாடகைக்கு எடுத்துப் புது வண்டிகளைச் சோதிப்பார்கள். வேலை முடிந்து அந்த ஓட்டுநர்களும் பொறியாளர்களும் சாப்பிட வருவது இங்கேதான். போட்டி நிறுவனத்து ஆட்கள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து, எதைப் பற்றியும் பேசாமல் வானிலை பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த மௌனமே ஒரு செய்தி.

இந்தக் கட்டடத்தில்தான் சபீனே ஷ்மிட்ஸ் வளர்ந்தார்.

பேர் தெரியாதவர்களுக்காக: 1969-ல் பக்கத்து ஊரான ஆடெனாவில் பிறந்தவர். குடும்பத் தொழில் விடுதியும் உணவகமும். சகோதரிகள் மூன்று பேரும் பந்தயம் ஓட்டத் தொடங்கினார்கள், அதிலேயே நிலைத்து நின்றவர் சபீனே. 1996-லும் 1997-லும் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை பிஎம்டபிள்யூ எம்3-ல் கூட்டாளிகளோடு வென்றார். அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் அதை வென்றதில்லை. 1998-ல் அதே பாதையில் நடந்த விஎல்என் என்ற நீண்டதூரப் பந்தயத் தொடரின் சாம்பியன் பட்டத்தையும் எடுத்தார், அதிலும் முதல் பெண் அவர்தான்.

இதெல்லாம் பதிவேட்டில் இருக்கும் விஷயம். பலர் விட்டுவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும்: அவர் முறையாகப் படித்தது ஓட்டல் தொழில். வைன் தேர்ந்து பரிமாறும் பயிற்சியும் பெற்றவர். கல்யாணமாகி கொஞ்ச காலம் கொலோன் பக்கம் புல்ஹைமில் இருந்துவிட்டு, மணமுறிவுக்குப் பிறகு 2000-ல் ஊருக்கே திரும்பி, சில வருடம் சொந்தமாக ஒரு மதுக்கூட உணவகம் நடத்தினார். அதற்கு வைத்த பேர் ஃபுக்ஸ்ரோரே, நோர்ட்ஷ்லைஃபெயில் தலைகுப்புற இறங்குகிற ஒரு பகுதியின் பேர்.

இந்தக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் எனக்கு அவரைப் புரிந்த மாதிரி இருந்தது. அவரை உலகம் முழுக்கத் தெரியவைத்தது கோப்பைகள் இல்லை, டாக்ஸி. பிஎம்டபிள்யூ நடத்திய ரிங் டாக்ஸியில் 2011 வரை அவர் ஓட்டினார். காசு கட்டிய பயணிகளை எம்5-ல் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. தன் கணக்குப்படி மொத்தம் 20,000 சுற்றுக்குமேல் போயிருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் பயந்துபோய் ஏறுகிறார்கள். அவர்களை வாந்தி எடுக்கவிடாமல், சிரிக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி வளைவுகளின் கதையைச் சொல்லிக்கொண்டு, முன்னால் மெதுவாகப் போகிறவரைக் கிண்டல் செய்துகொண்டு, முழுதாக இறக்கிவிட வேண்டும். ஓட்டல்காரர் வீட்டுப் பெண் வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்பதுதான் இது. என்ன, கொஞ்சம் வேகமாக நடக்கிறது. வெறும் வேகக்காரராக இருந்திருந்தால் ஜனங்கள் அவரை மதித்திருப்பார்கள், அவ்வளவுதான். இவ்வளவு பாசம் வைத்திருக்கமாட்டார்கள்.

பிரிட்டிஷ் கார் நிகழ்ச்சியான டாப் கியரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2004-ல் அதன் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் ஒரு டீசல் ஜாகுவாரில் படாதபாடு பட்டு 9 நிமிடம் 59 வினாடியில் ஒரு சுற்றை முடித்தார். அதே வண்டியை வாங்கி சபீனே 9 நிமிடம் 12 வினாடியில் முடித்துவிட்டு, கிளார்க்சனின் நேரத்தை வேனிலேயே எடுத்துக் காட்டுவேன் என்று சீண்டினார். அடுத்த வருடம் நிஜமாகவே ஃபோர்டு டிரான்சிட் டீசல் வேனை எடுத்துக்கொண்டு போய் 10 நிமிடம் 8 வினாடியில் வந்து நின்றார். சாமான் ஏற்றும் வேன்! பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாத என் அம்மாகூட அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்.

2020 ஜூலையில் செய்தி வந்தது. அவர் பந்தயங்களில் ஏன் காணோம் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அவரே சொன்னார்: 2017 கடைசியிலிருந்து புற்றுநோய், இதுவரை செய்த சிகிச்சைகளுக்கு முழுதாக அடங்கவில்லை, கொஞ்சம் தேறிவந்தது, இப்போது முழு மூச்சோடு திரும்பியிருக்கிறது. அடுத்த சிகிச்சைக்குத் தெம்பையும் தைரியத்தையும் திரட்டவேண்டியிருக்கிறது என்றார். சுற்றிவளைக்காமல், வண்டியில் என்ன கோளாறு என்று மெக்கானிக்கிடம் சொல்லும் தொனியில். 2017 கடைசி என்றால், அதற்குப் பிறகும் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோமே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த ஆகஸ்டில் நாங்கள் பிஸ்டன்கிளவுசேவுக்குப் போனோம். கொரோனா முதல் வருடம். வாசலில் பேரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொடுக்க வேண்டும், மேசையில் உட்காரும்வரை முகக்கவசம். வெளியே நின்ற வண்டிகளில் நெதர்லாந்து எண், பெல்ஜியம் எண், முனிக் எண். சாப்பிட மட்டும் அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். பக்கத்து மேசையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெல்ஜியத் தம்பதி. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுத்து, பரிமாறும் பெண்ணிடம் கொடுத்து, முடிந்தால் சபீனேவிடம் சேர்த்துவிடுங்கள் என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். 'எப்படி இருக்கிறார்?' என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. பிறகு கணவன் மனைவி இருவரும் ஸ்டேக் வரவழைத்து, வைன் குடித்து, இனிப்பும் சாப்பிட்டு, தாராளமாக டிப்ஸ் வைத்துவிட்டுப் போனார்கள். ஏதோ ஒரு வருடம் டாக்ஸியில் அவரோடு ஒரு சுற்று போனார்களாம், போகிறபோக்கில் அந்த அம்மாள் எங்களிடம் சொன்னார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கணவர் கண்ணைத் திறக்கவே இல்லையாம். வீட்டுக்காரர் உடனே எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொரோனா காலத்தில் கை குலுக்கக்கூடாது என்பது இரண்டு பேருக்குமே அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நோயில் கிடக்கும் ஒருவருக்கு ரசிகர்கள் என்ன செய்யமுடியும் என்பது பெரிய கேள்வி. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கெர்பன். ஃபார்முலா ஒன் சாம்பியன் மிஹாயெல் ஷூமாக்கர் வளர்ந்த ஊர். 2013 டிசம்பரில் பனிச்சறுக்கில் அவர் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது, 2014 ஜனவரி 3, அவருடைய 45-வது பிறந்தநாளில், ஃபெராரி ரசிகர்கள் சிவப்புக் கொடிகளோடு கிரெனோபிள் மருத்துவமனை வாசலில் திரண்டு நின்றார்கள். கோஷம் இல்லை. குடும்பம் நன்றி சொன்னது. அதற்குப் பிறகு அவருடைய உடல்நிலை பற்றி அதிகம் எதுவும் வெளியே விடவில்லை. அது அவர்கள் உரிமை, நம் ஆர்வத்துக்குப் பதில் சொல்ல அவர்கள் கடன்பட்டவர்கள் இல்லை. சபீனே விஷயம் வேறு மாதிரி. அவரே வாய்திறந்து சொன்னார், சொல்லவேண்டிய அளவு சொன்னார். ரசிகர்களுக்குப் போய் நிற்க ஒரு மருத்துவமனை வாசல் தெரியாது, தேவையும் இல்லை. அவர்களுக்கு ஒரு ஊர் இருந்தது, ஒரு பாதை இருந்தது, அவர் ஓடி விளையாடிய வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. வந்து சாப்பிட்டார்கள். விடுதி நடத்துகிற குடும்பத்துக்கு, அதுவும் அந்த வருடத்தில், நிரம்பிய மேசையைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கும் சொல்லுங்கள்.

நவம்பரில் உணவகங்களையெல்லாம் மறுபடி மூடினார்கள். 2021 மார்ச் 16 அன்று ட்ரியரில் சபீனே இறந்துபோனார். 51 வயது. ஊரடங்கு இன்னும் விலகவில்லை, உள்ளே உட்கார்ந்து சாப்பிட வழியில்லை, கூடி அழவும் இடமில்லை. நோர்ட்ஷ்லைஃபெயில் ஒரு வளைவுக்கு அவர் பேர் வைக்கவேண்டும் என்று ரசிகர்கள் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். நானும் போட்டேன், அலுவலகத்தில் பாதிப் பேர் போட்டார்கள். அந்த ஜூலையில் ஆர் ஆற்றின் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்து ஆடெனாவ் பக்கமெல்லாம் அடித்துக்கொண்டு போனபோது, பந்தயத் திடலே நிவாரணப் பொருள் குவியும் இடமாகவும் மீட்புக் குழுக்களின் தளமாகவும் மாறிப்போனது. அதெல்லாம் கொஞ்சம் அடங்கி, செப்டம்பரில் பேர்ப்பலகை வந்தது: நோர்ட்ஷ்லைஃபெக்குள் நுழைந்ததும் வரும் முதல் வளைவு இப்போது சபீனே ஷ்மிட்ஸ் வளைவு. நல்ல தேர்வு. பந்தயத்துக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் அவரைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும், வீட்டு வாசலில் நிற்பவரைக் கடந்து போவதுபோல.

அவர் ஓட்டிய ஃப்ரிகடெல்லி அணியைப் பற்றியும் ஒரு வரி. இறைச்சி உருண்டை தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த கிளவுஸ் ஆபெலன் தொடங்கிய அணி, பேரும் அந்த உருண்டையின் பேர்தான். 2008-ல் சபீனேவும் ஆபெலனும் அடங்கிய குழு 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு போர்ஷேயில் மூன்றாவதாக வந்தது. 2023-ல் அந்த அணி ஃபெராரியில் அதே பந்தயத்தை வென்றது. அன்று நான் ப்ரூன்ஷென் மேட்டில் வேலியோரம் நின்றிருந்தேன். யாரென்றே தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து 'சபீனே, சபீனே' என்று கத்தினார். நானும் கத்தினேன்.

அதே கோடையில் ஓசூரிலிருந்து அப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் லேத்தில் நின்றவர், பந்தயத்தில் ஆர்வமில்லை, இயந்திரத்தில் உண்டு. பிஸ்டன்கிளவுசேவுக்குக் கூட்டிப்போனேன். பீட்சா வரும்வரை சுவர்ச் சுவராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள், ஆண்கள், மறுபடி ஆண்கள். ஒரு படத்தின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணும் வண்டி ஓட்டுமா?"

"அவங்க வீடுப்பா இது. இங்கதான் வளர்ந்தாங்க."

"எந்த வண்டி?"

எம்3, எம்5, போர்ஷே என்று வரிசையாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்தார். டிரான்சிட் வேன் என்றதும் நிமிர்ந்தார். பத்து நிமிடத்தில் இருபது கிலோமீட்டர், மலைப்பாதையில், டீசல் வேனில் என்பதை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். "சராசரி நூத்தி இருபதுக்கு மேல வருதே" என்றார். "பிரேக் என்ன ஆச்சு?" நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று இனி யாரும் கேட்கவேண்டாம். இப்போது சபீனே உயிரோடு இல்லையா என்று அப்பா கேட்டபோது புற்றுநோய் என்று மட்டும் சொன்னேன். "அடடா" என்றார். பீட்சா வந்துவிட்டது. முழுதும் சாப்பிட்டார், ஓரத்தைக்கூட விடவில்லை.

உணவகத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவரைக் காட்டிக் காசு பார்க்கும் வேலை அங்கே என் கண்ணில் பட்டதில்லை. அவர் படங்களும் மற்றவர்களின் படங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. வெளியே அப்படி இல்லை. வேறொரு கடையில், பேர் வேண்டாம், அவர் முகம் போட்ட ஒரு டீசட்டையை நல்ல விலைக்கு வாங்கினேன். வருமானத்தில் ஒரு பகுதி நல்ல காரியத்துக்குப் போகிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர் தோளைக் குலுக்கினார். இரண்டு முறை துவைத்ததும் முகம் உரிந்துவிட்டது. இப்போது அது வண்டி துடைக்கும் துணி. சபீனேவே கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குடிக்க என்ன என்று கேட்டால், ஆர் பள்ளத்தாக்கின் சிவப்பு வைன் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த மலைக்குப் பின்னாலேயே விளைவது. வெள்ளத்தில் நொடித்துப்போய் மறுபடி எழுந்த திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் அது நல்லது. கல்லில் வெந்த இறைச்சிக்கு ரொம்பப் பொருத்தம். வண்டி ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சாறு குடிக்கட்டும், திரும்பும் வழியெல்லாம் வளைவு.

சைவம் சாப்பிடுபவர்கள் தாராளமாகப் போகலாம், பீட்சாவும் பாஸ்தாவும் சாலட்டும் போதுமான அளவு இருக்கின்றன. என்ன, சுற்றிலும் ஸ்டேக் வாசனை தூக்கும், அது ஆகாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் சூடான கல்லிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் வாரத்தில் போக நினைத்தால் பல மாதத்துக்கு முன்பே மேசை சொல்லிவைக்க வேண்டும். அமைதியாகச் சாப்பிடவேண்டும் என்றால் கோடையில் செவ்வாய் புதன் மாதிரி ஒரு வார நாள் பாருங்கள். அந்த நாள்களில் மாலை ஐந்தரை வாக்கில் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்து ஏழரை போல மூடுவார்கள், அதற்கு முன் நாள்காட்டியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று போகும் எண்ணம் இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விடுங்கள். பின்னால் போனால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரர் விவரமாகச் சொல்வார், ஆனால் அதை உணவக விமர்சனத்தில் எழுதமுடியாது.